திருவரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

திருவரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்பது தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி நகரை ஒட்டிய திருவரங்கம் தீவில், காவிரி, கொள்ளிடம் ஆகிய இரு ஆறுகளுக்கு இடையே அமைந்துள்ள இயற்கைப் பூங்கா ஆகும். மேலூர் என்னும் ஊரின் அருகே, மேலணைக் காப்புக்காட்டின் ஒரு பகுதியில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் இது உருவாக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடு வனத்துறை இதனைப் பராமரித்து வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இங்கு பதிவு செய்யப்பட்டுள்ளன.

ஆசியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. எனினும் இதன் சிறப்பு பரப்பளவில் இல்லை. பூங்காவின் பெரும்பகுதிக்குக் கூரையோ வலையோ கிடையாது. அங்கு பறக்கும் பூச்சிகள் தாமாக வந்தவை. விரும்பினால் ஆற்றைக் கடந்து வெளியேறவும் கூடியவை. பூச்சிகளை அடைத்து வைக்காமலே அவற்றை ஓரிடத்தில் வாழச்செய்வது எப்படி என்பதற்கு இப்பூங்கா ஒரு செயல்முறை விளக்கம் எனலாம்.

அமைவிடம்

காவிரி ஆறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப்படுகிறது. இவ்விரு கிளைகளும் கிழக்கே கல்லணைக்கு அருகில் மீண்டும் நெருங்கி வருகின்றன. இடைப்பட்ட நீண்ட நிலப்பகுதியே திருவரங்கம் தீவு. அரங்கநாதர் கோயிலும் திருவானைக்காவல் கோயிலும் இத்தீவில்தான் உள்ளன. பூங்கா கோயில்களுக்கு மேற்கே அமைந்துள்ளது.

தஞ்சாவூர்ப் பகுதியின் நெல் வேளாண்மைக்கு இந்தப் பிரிவு மிக முக்கியமானது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வாக இருந்தமையால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்திற்குச் சென்றது. காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை வயல்களுக்குப் போதிய நீர் கிடைக்காத நிலை ஏற்பட்டது. இதனைச் சரிசெய்யப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டும் பணியைத் தொடங்கினார். காப்புக்காட்டின் பெயர் இந்த அணையிலிருந்து வந்ததாகும். மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் 2018ஆம் ஆண்டு ஆகத்து மாத வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அங்கு புதிய கதவணை கட்டப்பட்டது.

தீவின் நிலம் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலாலும் மணலாலும் ஆனது. நிலத்தடி நீர் ஆழமற்றது. எனவே கோடையிலும் இங்குள்ள செடிகொடிகள் ஓரளவு பசுமையாக இருக்கின்றன. திருச்சிராப்பள்ளி வெப்பம் மிகுந்த நகரம் என்பதால் இந்த ஈரம் பூச்சிகளுக்குப் பெரும் துணையாகும்.

வரலாறு

காப்புக்காட்டின் ஒரு பகுதியில் வண்ணத்துப்பூச்சிகளுக்கான காப்பகம் ஒன்றை அமைக்கும் திட்டம் 2010களின் முற்பகுதியில் வனத்துறையால் செயல்படுத்தப்பட்டது. பூங்காவை அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2015 நவம்பர் 13 அன்று காணொளி வாயிலாகத் திறந்து வைத்தார்.

இந்தியாவில் இதற்கு முன்னரும் இத்தகைய பூங்காக்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் பெங்களூருவை அடுத்த பன்னேர்கட்டாவில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்கா குறிப்பிடத்தக்கது. அங்கு குவிமாடம் ஒன்றினுள் பூச்சிகள் பறக்கவிடப்படுகின்றன. குளிர்நாடுகளில் உள்ள வண்ணத்துப்பூச்சி இல்லங்களும் பெரும்பாலும் மூடிய கண்ணாடிக் கூடங்களே. வெப்பநாட்டுப் பூச்சிகள் அங்கு வெளியே உயிர்வாழ இயலாது என்பதே காரணம். காவிரிக் கரையில் அந்தத் தடை இல்லை. எனவே திறந்தவெளிப் பகுதியை முதன்மையாகக் கொள்ளும் அமைப்பு இங்கு இயல்வதாயிற்று.

பூங்காவின் பகுதிகள்

பூங்காவில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

- திறந்தவெளிக் காப்பகம்: தேன் தரும் பூச்செடிகளும் புழுக்களுக்கான உணவுத் தாவரங்களும் நடப்பட்ட பரந்த தோட்டம். பூங்காவின் பெரும்பகுதி இதுவே.
- உள்ளரங்கக் காப்பகம்: வெப்பமும் ஈரப்பதமும் பேணப்படும் மூடிய கூடம்.
- இனப்பெருக்க ஆய்வகம்: முட்டைகளையும் புழுக்களையும் பாதுகாப்பாக வளர்த்து, முதிர்ந்த பூச்சிகளைப் பூங்காவில் விடும் இடம்.
- நட்சத்திர வனமும் இராசி வனமும்: 27 நட்சத்திரங்களுக்கும் 12 இராசிகளுக்கும் மரபாகக் கூறப்படும் மரங்கள் நடப்பட்ட பகுதிகள்.
- திறந்தவெளி அரங்கம், குளங்கள், நீரூற்றுகள், சிறுவர் விளையாடுமிடம் ஆகியவை.

ஆய்வகத்தின் தேவையை எண்ணிக்கையால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் பல பத்து முதல் சில நூறு முட்டைகள் வரை இடும். எறும்பு, சிலந்தி, குளவி, பறவை, புழுவின் உடலுக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணி ஈக்கள் ஆகியவற்றுக்குத் தப்பிப் பறக்கும் நிலையை அடைவன மிகச் சிலவே. ஆய்வகத்தில் வளரும் புழுக்கள் இந்த இழப்பிலிருந்து தப்புகின்றன. ஆயினும், விடப்படும் பூச்சி முட்டையிடுவதற்கு உரிய செடி வெளியே இல்லையெனில் இம்முயற்சியால் பயன் இல்லை.

பூவும் இலையும்

வண்ணத்துப்பூச்சி என்றவுடன் பூவே நினைவுக்கு வரும். பூச்செடிகளை மிகுதியாக நட்டால் பூச்சிகள் பெருகும் என்பது பொதுவான கருத்து. இது பாதி உண்மையே.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகளைக் கொண்டது. நம் நாட்டுச் சமவெளியில் பல இனங்களுக்கு முட்டையிலிருந்து முதிர்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இதில் இறுதி நிலை மட்டுமே உறிஞ்சுகுழலால் தேனைப் பருகுவது. உடல் வளர்வது முழுவதும் புழுப் பருவத்தில்தான் நிகழ்கிறது. புழுவுக்குத் தேன் பயன்படாது; பெரும்பாலான இனங்களின் புழுக்களுக்கு இலையே உணவு. அதுவும் எந்த இலையாயினும் ஆகாது. ஒவ்வோர் இனத்தின் புழுவும் ஒரு சில தாவரங்களை மட்டுமே உண்ணும். பெண்பூச்சி தன் முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவைத்து, உரிய செடி என்று உறுதி செய்த பின்னரே முட்டையிடுகிறது.

காவிரிக் கரையில் எளிதில் காணக்கூடிய சில இனங்களும் அவற்றின் உணவுத் தாவரங்களும் வருமாறு:

- வெந்தய வரியன்: எருக்கு, வேலிப்பருத்தி
- நீல வரியன்: கொடிப்பாலை
- வெண்புள்ளிக் கருப்பன்: அரளி, ஆல்
- எலுமிச்சை அழகி: எலுமிச்சை, நாரத்தை, வில்வம்
- கறிவேப்பிலை அழகி: கறிவேப்பிலை, எலுமிச்சை, விளா
- சிவப்புடல் அழகி, ரோஜா அழகி: ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி
- கொன்னை வெள்ளையன்: கொன்றை வகைகள்

இப்பட்டியலில் கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற சிலவற்றை மட்டுமே நாம் விரும்பி வளர்க்கிறோம். எருக்கு, வேலிப்பருத்தி, ஆடுதீண்டாப்பாளை போன்றவை பொதுவாகக் களை என்று கருதி அகற்றப்படுபவை. எனவே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்பது அடிப்படையில் புழுக்களுக்கான உணவுத் தோட்டம் ஆகும். இங்கு ஓட்டை விழுந்த இலையைப் பார்த்தால், அந்தச் செடி பராமரிக்கப்படவில்லை என்று கொள்ளக்கூடாது; பூங்கா தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே சான்று.

நச்சும் போலி உருவமும்

எருக்கின் பாலில் நச்சுப் பொருள்கள் உள்ளன. வெந்தய வரியனின் புழு அவற்றை உட்கொண்டு தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. முதிர்ந்த பூச்சியிலும் அந்த நச்சு எஞ்சியிருப்பதால், ஒருமுறை அதைக் கொத்திய பறவை அடுத்த முறை அதன் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டாலே விலகிவிடும். இத்தகைய பூச்சிகள் விரைந்து பறப்பதில்லை. மெதுவாக, பிறர் கண்ணில் படும்படி பறக்கின்றன.

ஆடுதீண்டாப்பாளையை உண்டு வளரும் சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் இவ்வாறே நச்சுடையவை. கறிவேப்பிலையை உண்டு வளரும் கறிவேப்பிலை அழகிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் ஒரு வகை ரோஜா அழகியைப் போன்றும், மற்றொரு வகை சிவப்புடல் அழகியைப் போன்றும் தோற்றமளிக்கின்றன. மூன்றாவது வகை ஆண்பூச்சியைப் போலவே இருக்கும். போலி உருவம் கொண்ட பெண்பூச்சியை அடையாளம் காண உடலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நச்சுடைய இரு இனங்களுக்கும் உடல் சிவப்பாக இருக்கும். போலிக்கு உடல் கருமையாக இருக்கும்.

ஆற்றின் பங்கு

ஈரமான ஆற்று மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து நீரை உறிஞ்சுவதைக் காணலாம். இவை தாகத்திற்காக மட்டும் அமர்வதில்லை. இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு. ஈரமண்ணில் கரைந்துள்ள உப்புகளை உறிஞ்சி அக்குறையை இவை ஈடு செய்கின்றன. இவ்வாறு அமர்பவை பெரும்பாலும் ஆண்பூச்சிகள். இணைசேரும்போது சோடியத்தின் ஒரு பகுதி பெண்பூச்சிக்கும், அதன் வழியே முட்டைகளுக்கும் செல்கிறது. ஆகவே ஆற்றங்கரையின் சேறு அடுத்த தலைமுறையின் உணவில் ஒரு பகுதி ஆகிறது.

வரியன்களிலும் கருப்பன்களிலும் ஆண்பூச்சிகள் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை ஆகிய செடிகளின் வாடிய பகுதிகளில் திரளாக மொய்ப்பதுண்டு. இச்செடிகளில் உள்ள காரப்பொருள்களைக் கொண்டு இவை பெண்பூச்சியைக் கவரும் மணத்தை உருவாக்குகின்றன. தேள்கொடுக்கு நீர் வடிந்த ஈரநிலங்களில் தானாக முளைப்பது. எவரும் விதைக்காவிட்டாலும் வாய்க்கால் ஓரங்களில் இது வளரும்.

இவ்வாறு உணவுத் தாவரம், தேன், உப்பு, நிழல், ஈரம் ஆகிய யாவும் ஒருங்கே கிடைக்கும் இடம் ஆற்றுப் படுகை. பூங்காவுக்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் பயன் இதுவே.

நெல் வயல்களும் வண்ணத்துப்பூச்சிகளும்

முக்கொம்பிலும் கல்லணையிலும் பங்கிடப்படும் நீர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வயல்களுக்குச் செல்கிறது. பரந்த பசுமையாகத் தோன்றினாலும், நெல் ஒன்றே நிற்கும் வயலில் வண்ணத்துப்பூச்சிகளுக்கு இடம் குறைவு. நெல்லை உண்ணும் புழுக்கள் சில உண்டு. உழவர்கள் பச்சைக் கொம்புப்புழு என்று அழைப்பது அவற்றுள் ஒன்று. அது மாலை மங்கும் வேளையில் பறக்கும் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுவாகும். சம்பா அறுவடைக்குப் பின் வயலில் விளையும் உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றில் சிறிய நீல நிற வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. இவை காய்களைத் துளைப்பதால் பூச்சிநோய்ப் பட்டியலில் இடம்பெறுகின்றன.

ஏனைய இனங்கள் வயலை நம்பி வாழ்வதில்லை. அவற்றுக்கு இடம் தருபவை வரப்பு, வாய்க்கால் கரை, வேலி, திடல், இடுகாடு, கோயில் நந்தவனம் போன்ற சாகுபடிக்கு உட்படாத துண்டு நிலங்களே. வரப்பில் களைக்கொல்லி தெளிப்பதும், வாய்க்கால் கரைகளைக் கற்காரையால் மூடுவதும், உயிர்வேலிக்கு மாற்றாகக் கம்பிவேலி இடுவதும் இவற்றின் உணவுத் தாவரங்களை நேரடியாகக் குறைக்கின்றன. வயலில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி காற்றில் பரவி வரப்புச் செடியில் படிந்தால், அதை உண்ணும் புழுக்களும் மடிகின்றன. சீமைக் கருவேலம் படர்ந்த நிலத்தில் அதன் அடியில் பிற செடிகள் வளர்வது அரிதாகிறது.

உழவரின் நிலையையும் இங்கு கருத வேண்டும். களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் களைக்கொல்லி தெளிப்பதே அவருக்கு எளிதான வழியாகத் தெரிகிறது. ஆயினும் கரைகளும் வேலிகளும் செடியற்றுப் போனால் 25 ஏக்கர் பூங்கா ஒரு தனித்த தீவாக நின்றுவிடும். பறந்து சென்ற பூச்சிக்கு அடுத்து இறங்க ஓர் இடம் வேண்டும். ஓரிடத்தில் இனம் நலிந்தால், அருகில் உள்ள வேறிடத்திலிருந்து பூச்சிகள் வந்து அதனை நிரப்ப வேண்டும். இத்தொடர் அறுந்தால் பூங்காவில் உள்ள இனங்களின் எண்ணிக்கையும் நாளடைவில் குறையும். பூங்காவின் எதிர்காலம் அதன் மதிலுக்கு வெளியே உள்ள நிலத்தையும் பொறுத்தது.

பார்வையிடுதல்

திருவரங்கத்திலிருந்து மேலூர் செல்லும் சாலை வழியாகப் பூங்காவை அடையலாம். நுழைவுக் கட்டணம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து வருவோர் திருச்சிராப்பள்ளி வந்து, அங்கிருந்து திருவரங்கம் வழியாகச் செல்லலாம்.

வண்ணத்துப்பூச்சி குளிர்குருதி உயிரினம். இறகுகளை விரித்து வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பின்னரே அதனால் நன்கு பறக்க இயலும். எனவே விடியற்காலையிலும் மழை மூட்டமான வேளையிலும் பூச்சிகளை மிகுதியாகக் காண முடியாது. வெயில் ஏறிய முற்பகல் வேளை ஏற்றது. உச்சிவெயிலில் பல இனங்கள் நிழலில் ஒதுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் செடிகள் தழைத்திருப்பதால் பூச்சிகளும் மிகுந்திருக்கும். கோடையில் வருவோர் எண்ணிக்கை குறைவைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. அப்போது குளக்கரைகளையும் ஈரமான இடங்களையும் கவனிப்பது நன்று.

நீல வரியன் உள்ளிட்ட சில இனங்கள் பருவமழையை ஒட்டி மேற்கு மலைகளுக்கும் கிழக்குச் சமவெளிகளுக்கும் இடையே கூட்டமாக இடம்பெயர்கின்றன. அத்தகைய நாள்களில் ஒரே இனத்தைப் பெருந்திரளாகக் காண நேரிடலாம். 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மலைக்காடுகளுக்குரியது. அதனைச் சமவெளியில் உள்ள இப்பூங்காவில் எதிர்பார்க்க இயலாது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

- பூவை மட்டும் பார்க்காமல் இலையின் அடிப்புறத்தைப் பார்க்கவும். முட்டைகள் பெரும்பாலும் அங்கு இருக்கும்.
- எலுமிச்சை அழகியின் இளம்புழு பறவையின் எச்சம் போல் இருக்கும். வளர்ந்த பின் பச்சை நிறம் பெறும். அச்சுறுத்தினால் தலைக்குப் பின்னிருந்து கவை போன்ற உறுப்பை நீட்டிக் கடும் மணத்தை வெளியிடும்.
- உணர்கொம்பின் நுனி தடித்திருந்தால் அது வண்ணத்துப்பூச்சி. இழை போன்றோ இறகு போன்றோ இருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி.
- இறகுகளைத் தொடக்கூடாது. நிறம் தரும் நுண்செதில்கள் கையோடு வந்துவிடும். அவை மீண்டும் வளர்வதில்லை.
- பூவையோ இலையையோ பறிக்கக்கூடாது. பறித்த இலையில் கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்கக்கூடும்.

வீட்டிலும் பள்ளியிலும்

இப்பூங்காவின் முறையைச் சிறிய அளவில் எவரும் பின்பற்றலாம். ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஓர் எலுமிச்சைக் கன்றும் இருந்தால் இரண்டு இனங்கள் முட்டையிட வாய்ப்பு உண்டு. பள்ளி மதிலோரம் முளைத்த எருக்கை வெட்டாமல் விட்டால் வெந்தய வரியனும் வரலாம். தேனுக்கு இட்லிப்பூவும், தானே முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் போதுமானவை. அச்செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பதே முதன்மையான பராமரிப்பு. புழு சில இலைகளைத் தின்றுவிட்டாலும், நன்கு வேரூன்றிய செடி மீண்டும் துளிர்க்கும்.

செடியில் முட்டை காணப்பட்ட நாள், பொரித்த நாள், கூட்டுப்புழுவான நாள், பூச்சி வெளிவந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், மழைக்காலத்திலும் கோடையிலும் வளர்ச்சி வேகம் எவ்வாறு மாறுகிறது என்பதை மாணவர்கள் தாமே அறியலாம். இதற்கு ஒரு குறிப்பேடு மட்டும் போதும்.

இவற்றையும் பார்க்கவும்

- முக்கொம்பு
- கல்லணை
- கொள்ளிடம் ஆறு
- தமிழ் மறவன்
- வண்ணத்துப்பூச்சி